ஆறு மா நஞ்சையை விற்று சமரசம் படிக்க அனுப்பலாமா?

கேள்வி: நாச்சியார்கோவில் பக்கம் எங்களுக்கு 9 மா நஞ்சை (மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர்) இருக்கிறது. உரக்கடையும் வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து செலவு போக வருஷம் 6 லட்சம் நிற்கும். அதில் நிலத்தின் பங்கு ஒரு லட்சத்துச் சொச்சம். மகளுக்கு 24 வயது. பி.ஏ. முடித்து, நாகப்பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒன்றரை வருஷமாக வேலை பார்க்கிறாள். சம்பளம் 19,000. இங்கிலாந்தில் மோதல் தீர்வும் சமரசமும் என்று ஒரு வருஷ எம்.ஏ. படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 30 லட்சம். நஞ்சையை ஈடாக எடுக்க மாட்டோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். வீடு என் தம்பியுடன் பாகப்பிரிவினை வழக்கில் கிடக்கிறது. 6 மாவை, மா 5 லட்சம் என்று ஒருவர் கேட்கிறார். பத்திரத்தில் 14 லட்சம், மீதி கையில் தருவாராம். நான் ரோட்டரி உறுப்பினர். அங்கேயும் இந்தப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்கிறார்கள். "படிச்சுட்டு வந்து காவிரிப் பிரச்சினையையே பேசித் தீர்க்கலாம்ப்பா" என்கிறாள் மகள். மனைவிக்கு நிலத்தை விற்க மனமே இல்லை. என்ன செய்வது?

பதில்: விற்க வேண்டாம். படிப்பு தப்பு என்று சொல்லவில்லை. இந்தத் துறையில் மேற்படிப்புக்கு அடுத்தவர் பணம் கிடைக்கும், அதற்குக் கொஞ்ச காலம் வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் மகள் அந்த வரிசையில் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டார்.

முதலில் வங்கி விஷயம். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை எடுத்து ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தருவது 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டம். விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது. அதனால்தான் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்டு வாங்கும் அதே மேனேஜர், கல்விக் கடன் என்றதும் நஞ்சையைத் தள்ளிவைக்கிறார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வழக்கமான கல்விக் கடனில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வீடு, மனை, வைப்புத்தொகை என்று ஏதாவது ஈடு கேட்பார்கள். உங்களிடம் அப்படி வைக்கக்கூடியது வீடு ஒன்றுதான், அதுவும் வழக்கில்.

சரி, ஈடே இல்லாமல் ஒரு தனியார் நிதி நிறுவனம் 30 லட்சத்தையும் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வட்டி 11 சதவீதம். படிக்கும் ஒரு வருஷமும் அடுத்த ஒரு வருஷமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தனிவட்டியாகவே போட்டாலும் 6.6 லட்சம் ஏறிவிடும். 36.6 லட்சத்தை 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 50,400 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் 60 லட்சத்துக்கு மேல். மகளின் இன்றைய சம்பளம் இரண்டு மடங்கானாலும் 38,000தான். தவணைக்கே 12,000 குறைகிறது, சாப்பாடு தனி.

அங்கேயே வேலை தேடிக்கொள்வாள் என்பீர்கள். படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேடுவதற்கான விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்கப்புறமும் இருக்க வேண்டும் என்றால், வேலை கொடுப்பவர் ஸ்பான்சர் செய்ய வேண்டும். சம்பளத்துக்குப் பொதுவான கீழ்வரம்பு வருஷம் 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மென்பொருள்காரருக்கே மூச்சு முட்டும் கணக்கு இது. சமரசப் பணி செய்யும் ஒரு சின்ன அமைப்பு அவ்வளவு கொடுத்து ஆள் எடுக்கும் என்று நம்பி நான் ஒரு மா நிலத்தைக்கூட விற்க மாட்டேன்.

அந்த 14 லட்சம் பத்திரம், 16 லட்சம் கையில் என்ற பேச்சை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம் வரலாம். அப்படியே வாங்கினாலும் அந்தப் பணம் மகளுக்கு உதவாது. மாணவர் விசாவுக்குப் பணம் 28 நாள் தொடர்ச்சியாக வங்கிக் கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும். பரணில் இருக்கும் 16 லட்சத்தை எந்த பாஸ்புக்கில் காட்டுவீர்கள்? (முறையாக விற்றால் கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் கும்பகோணம் மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் உங்கள் வயல் வந்தால் அந்தச் சலுகை போய்விடும். உங்கள் பக்கம் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். விற்கப்போவதில்லை என்பதால் இதை விட்டுவிடுவோம்.)

இப்போது தொழிலைப் பற்றி. இதில் எனக்குச் சொந்த அனுபவம் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் களத்துமேடு பற்றி 14 வருஷம் வழக்கு நடந்தது. கடைசியில் நீதிபதி அதை நீதிமன்ற வளாகத்திலிருந்த சமரச மையத்துக்கு அனுப்பினார். சின்ன அறை, வட்ட மேஜை, தண்ணீர் பாட்டில். சமரசராக உட்கார்ந்திருந்த அம்மா சொத்து யாருடையது என்றே கேட்கவில்லை. "அறுப்பு சமயத்துல மழை வந்தா, யார் நெல்லை முதல்ல அள்ளணும்?" என்று கேட்டார். இரண்டு கிழவர்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள். இரண்டே அமர்வில் முடிந்தது. குறுவைக்கு ஒருவர் முதலில், சம்பாவுக்கு மற்றவர் முதலில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மா இருபது வருஷத்துக்கு மேல் வழக்கறிஞராக நின்றவர். வெளிநாட்டில் படித்தவரில்லை.

நம் ஊரில் இந்தத் தொழில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று தொடங்கியதுதான் நாட்டிலேயே நீதிமன்றத்தோடு சேர்ந்த முதல் சமரச மையம். இன்றும் அந்தத் தேதியைச் சமரச நாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே சமரசராக உட்காருபவர்கள் பெரும்பாலும் பல வருஷம் தொழில் பார்த்த வழக்கறிஞர்கள். உச்ச நீதிமன்றக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சி முடித்தவர்கள். கிடைப்பது மதிப்பூதியம்தான், அதை நம்பி வீட்டுக் கடன் கட்ட முடியாது. 2023-ல் வந்த மத்தியஸ்தச் சட்டம் இந்தத் துறைக்கு ஒரு முதுகெலும்பு கொடுக்கப் பார்க்கிறது. அதில் எழுதியிருப்பது: 120 நாளில் முடிக்க வேண்டும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இன்னும் 60 நாள், எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணை போல நிறைவேற்றிக்கொள்ளலாம். ஊருக்குள் நடக்கும் சண்டைகளுக்கு மூன்று பேர் கொண்ட சமுதாய மத்தியஸ்தக் குழு என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. வேலை பெருகும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வருமானம் முடி நரைத்த பிறகு வருகிற தொழில் இது. அப்படிப்பட்ட தொழிலுக்கு மூன்றாம் வருஷமே தவணை கேட்கிற கடன் ஒத்துவராது.

மகள் சொல்லும் காவிரி பற்றியும் ஒரு வார்த்தை. 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. 28 வருஷத்தில் வந்தது தீர்ப்பு. பேசி முடித்த உடன்பாடு அதில் எங்கும் இல்லை. பேசிப் பார்த்தவர்களும் உண்டு. 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகள் 'காவிரிக் குடும்பம்' என்று சேர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கதையை மகள் தேடிப் படிக்கட்டும். நாகப்பட்டினத்திலேயே வேலை பார்ப்பதால் லாஃப்டி என்ற நில உரிமை அமைப்பு பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் அது. அங்கே 1981-ல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் என்ற காந்தியவாதித் தம்பதி தொடங்கிய அந்த அமைப்பு, மிராசுதார்களிடம் பேசி, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து, நிலமில்லாத குடும்பத்துப் பெண்கள் பெயரில் பத்திரம் வாங்கிக் கொடுத்தது. சமரசத்தில் பணக்கணக்கு எப்படி உள்ளே வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டிலும் கிடைக்காது. பிராட்ஃபோர்டைக் குறைத்துச் சொல்லவில்லை. அமைதி ஆய்வுக்கு 1973-லேயே துறை வைத்த பல்கலைக்கழகம் அது.

இனி அடுத்தவர் பணம். ரோட்டரி அமைதி ஃபெலோஷிப் உண்மையிலேயே நல்ல திட்டம். கட்டணம், தங்குமிடம், விமானச் செலவு எல்லாம் அதில் அடங்கும். பிராட்ஃபோர்டு, ஸ்வீடனின் உப்சாலா போன்ற இடங்களில் படிக்கலாம். ஆனால் நீங்கள் ரோட்டரி உறுப்பினர் என்பதே உங்கள் மகளுக்குத் தடை. உறுப்பினரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. இன்றைக்கே விலகினாலும் 36 மாதம் கழிய வேண்டும். சிபாரிசுக்கு ஆகும் என்று நினைத்திருப்பீர்கள், கதவே அங்கேதான் சாத்தியிருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு எப்படியும் மூன்று வருஷ வேலை அனுபவம் வேண்டும். மகள் பொறுமையாக இருப்பார் என்றால், ராஜினாமா கடிதத்தைப் பற்றி வீட்டில் பேசிப் பாருங்கள். சங்கத்து நண்பர்கள் திட்டினால் என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

அதைவிடப் பக்கத்தில் இருப்பது செவனிங். பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகை, ஒரு வருஷ முதுநிலைப் படிப்புக்கு முழுச் செலவும் தரும். 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், அதாவது ஏறக்குறைய இரண்டு வருஷம். மகள் ஒன்றரை வருஷம் முடித்துவிட்டார், இன்னும் ஆறேழு மாதம்தான். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஊருக்குத் திரும்பி வேலை செய்ய நினைப்பவருக்கு அது ஒரு பாரமில்லை. போட்டி கடுமை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் கடைமடையில் மீனவர்களோடும் விவசாயக் கூலிகளோடும் வேலை பார்த்த பெண்ணுக்கு விண்ணப்பத்தில் எழுத விஷயம் இருக்கிறது. செய்த வேலையை, நடந்த கூட்டத்தை, தோற்றுப்போன பேச்சுவார்த்தையைக்கூட இப்போதிருந்தே நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

கிடைக்காவிட்டால்? தில்லி ஜாமியா மில்லியாவில் 2004-ல் தொடங்கிய நெல்சன் மண்டேலா மையத்தில் மோதல் பகுப்பாய்வு, அமைதி கட்டமைப்பு பற்றிய எம்.ஏ. இருக்கிறது. இங்கிலாந்துச் செலவில் ஒரு சிறு பகுதியில் முடிந்துவிடும். பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்த கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்கு ஈடோ ஜாமீனோ இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான், அதிலும் தொழிற்படிப்புக்காரர்களுக்கு முன்னுரிமை. மானியம் கிடைக்காமல் 5 லட்சம் கடன் வாங்கினாலும், 10 சதவீத வட்டியில் மாதம் 8,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். மகளின் இப்போதைய சம்பளத்திலேயே தாங்கும் தவணை. வேலையை விட மனமில்லை என்றால் இக்னோவில் காந்தி, அமைதி ஆய்வுகள் எம்.ஏ.வை அஞ்சல் வழியில் படிக்கலாம்.

நீதிமன்றச் சமரசராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை என்றால் என் யோசனை வேறு. திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருஷச் சட்டப் படிப்பு, அப்புறம் கருப்பு கோட்டு, அப்புறம்தான் அந்த 40 மணி நேரம். இதில் எதை விரும்புகிறார் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் தெரியவில்லை. கேளுங்கள்.

கடைசியாக, தம்பியோடு நடக்கும் வழக்கு. சமரசம் படிக்க 30 லட்சம் புரட்டும் வீட்டில் பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் இருக்கிறது, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வக்கீலிடம் சொல்லி, வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். சமரசருக்கு நீங்கள் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை. உடன்பாடு ஆனால் வழக்குப் போட்டவருக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். வீட்டில் உங்கள் பங்கு உங்கள் பெயரில் தனியாக வந்துவிட்டால், பின்னால் எந்தக் கடனுக்கும் வங்கியில் வைக்க ஒரு காகிதம் கையில் இருக்கும். மகளை மட்டும் அதில் மத்தியஸ்தம் பண்ண விடாதீர்கள். சித்தப்பா பேசவே மாட்டார்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்கு முன்பே, சேர்க்கையை ஒரு வருஷம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு மகள் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். நிலம் கேட்டவரிடம் அட்வான்ஸ் எதுவும் வாங்கியிருந்தால், இந்த வாரமே சாட்சி வைத்துத் திருப்பிக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.