கொல்லன் தெருவுக்கு ஊசி வாங்கிக்கொண்டு போகலாமா?

கேள்வி: நான் வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், கைக்கு 28,000 ரூபாய் வருகிறது. திருமணமாகி மூன்று வருடம். என் கணவர் 14 மாதங்களாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிறார். மாதம் 45,000 ரூபாயைத் தன் பழைய சம்பளக் கணக்குக்கு அனுப்புவார். ஏடிஎம் கார்டு என்னிடம் இருக்கிறது. வாடகை, அத்தையின் சர்க்கரை மாத்திரை, வீட்டுச் செலவு எல்லாம் போக அதில் மாதம் 10,000 எடுத்து வைத்து 1,10,000 சேர்த்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறைக்கு 45 நாள் அவரோடு இருந்துவிட்டு வரலாம் என்று ஆசை. டிக்கெட் 72,000 காட்டுகிறது. அங்கே அவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதால் 2,000 யூரோ வாங்கிக்கொண்டு போக நினைக்கிறேன். மொத்தம் மூன்று லட்சம் ஆகும்போல. என் பெயரில் அவர் போட்ட எஃப்டி 3 லட்சம் (7 சதவீதம், அக்டோபரில் முடியும்), ஒன்பது தவணை கட்டிய 2 லட்சம் சீட்டு, 22 சவரன் நகை இருக்கின்றன. இதில் எதைத் தொடுவது? அத்தை, 'நகையை அடகு வைத்துவிட்டுத்தான் போகணுமா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே' என்கிறார். விசாவுக்கு பேங்க் பேலன்ஸ் காட்ட என் அண்ணன் ஒரு மாதத்துக்கு 3 லட்சம் போட்டுத் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?

பதில்: நகை, சீட்டு, எஃப்டி மூன்றையும் தொட வேண்டாம். அண்ணன் பணமும் வேண்டாம். அத்தை சொல்வதுபோல் அடுத்த வருடத்துக்குத் தள்ளவும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் 1,10,000-த்திலேயே போய்வரலாம்.

உங்கள் கணக்கில் பள்ளம் விழுந்த இடம் அந்த 2,000 யூரோ. அவர் அங்கே யூரோவில் சம்பாதிக்கிறார். அதை ரூபாயாக மாற்றி உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் அதில் மிச்சம் பிடித்து, மறுபடி யூரோவாக மாற்றி, அவரிடமே எடுத்துக்கொண்டு போகிறீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, இது அதற்கும் ஒரு படி மேல். அந்தத் தெருவிலேயே ஊசியை வாங்கி, வில்லிவாக்கம் வரை கொண்டுவந்து, திரும்ப அங்கேயே எடுத்துப் போவது.

இந்தச் சுற்றலுக்கு என்ன விலை என்று பார்ப்போம். ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பும்போது கமிஷன், ரேட் வித்தியாசம் எல்லாம் போக 104 கிடைக்கும். 2,000 யூரோவுக்கு 2,08,000 ரூபாய். நீங்கள் திரும்ப ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொண்டு போகும் கார்டு) ஏற்றும்போது யூரோவுக்கு 107.50 வாங்குவார்கள் என்று வையுங்கள். 1,935 யூரோதான் வரும். யாரும் செலவு செய்யாமலே 65 யூரோ கரைந்துவிட்டது. ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் ஏறி இறங்க ஒரு மாத டாய்ச்லாந்து டிக்கெட் 2026 ஜனவரி முதல் 63 யூரோ. அதாவது உங்கள் ஒரு மாத ஊர்சுற்றலை நாணய மாற்றுக் கடைக்காரருக்கு மொய் எழுதிவிட்டீர்கள்.

'பாரமாக இருக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் புரியாமல் இல்லை. சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண், ஒரு காபிக்கும் கணவரின் முகத்தைப் பார்த்து நிற்பது சங்கடம்தான். அதற்கு 2,000 யூரோ மருந்து இல்லை. அவருடைய அங்குள்ள வங்கிக் கணக்கில் உங்கள் கைக்கென்று இன்னொரு கார்டு கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், நீங்கள் இறங்கிய அன்றே ஒரு தொகையைத் தனியாக எடுத்து உங்கள் பர்ஸில் வைத்துவிடச் சொல்லுங்கள். தினமும் கேட்டு வாங்குவது வேறு, முதலிலேயே பேசி ஒதுக்கிக்கொள்வது வேறு. இங்கிருந்து 200 யூரோவை ரொக்கமாக வைத்துக்கொண்டால் போதும், வழிச் செலவுக்கும் அவசரத்துக்கும். அதையும் விமான நிலையத்தில் மாற்றாதீர்கள், ரேட் கசக்கும். உங்கள் வங்கியிலோ, தி. நகர், அண்ணா சாலையில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கடைகளிலோ இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு வாங்குங்கள்.

சரி, 2,000 யூரோவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? டிக்கெட் 72,000. விசாக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணத்தோடு 12,000 என்று வையுங்கள். பயணக் காப்பீடு 4,000. ஆக 88,000. அந்த 200 யூரோவுக்கு 21,500. மொத்தம் 1,09,500. உங்கள் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் 500 ரூபாய் மிச்சம்! பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் சேரும் 30,000 வேறு இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்களுக்குச் சீட்டு மேல் ஒரு கண் இருக்கும், எனக்குத் தெரியும். ஏலத்தில் தள்ளி எடுப்பது கடன்போலத் தெரியாது, அதுதான் அதன் வசீகரம். உங்கள் இருபது மாதச் சீட்டைப் பத்தாவது மாதத்தில் 36,000 தள்ளி எடுத்தால் கைக்கு 1,64,000 வரும். கடைசி வரை இருந்தால், 5 சதவீத கமிஷன் போக 1,90,000. பத்து மாதம் முன்னால் வாங்குவதற்கு 26,000 கொடுக்கிறீர்கள். வருடக் கணக்கில் ஏறக்குறைய 19 சதவீத வட்டி. பெரும்பாலான வங்கிகள் நகைக்கு இவ்வளவு கேட்காது. கணக்கு டீச்சர் நீங்கள், போட்டுப் பாருங்கள்.

எஃப்டியை உடைத்தால்? ஏப்ரலில் ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். ஆறு மாத வட்டி விகிதம் 6 என்றால் அதில் ஒரு சதவீதம் அபராதம் போக 5 சதவீதம் தருவார்கள். 10,500 வர வேண்டிய இடத்தில் 7,500. கடைசி நேரத்தில் டிக்கெட் விலை ஏறி, கொஞ்சம் துண்டு விழுந்தால், எஃப்டியை உடைக்காமல் அதன் மேல் ஓவர்டிராஃப்ட் (எஃப்டியை ஈடாகக் காட்டி வேண்டும்போது எடுக்கும் கடன்) எடுங்கள். எஃப்டி வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூட இருக்கும். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி.

இப்போது அண்ணன் பணம். நல்ல மனசு, மோசமான யோசனை. விசாவுக்குக் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். அதைப் பார்ப்பவர் கடைசி வரியில் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதில்லை. மாதம் 28,000 சம்பளம் ஏறி இறங்கும் கணக்கில் திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை 3 லட்சம் வந்து உட்கார்ந்தால், அது யாருடைய பணம் என்ற கேள்விதான் முதலில் வரும். உங்களுக்கு அது தேவையே இல்லை, ஏனென்றால் உங்கள் செலவை ஏற்கும் ஆள் ஜெர்மனியிலேயே இருக்கிறார்.

அவர் தன் ஊரில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், 'என் மனைவி இங்கே இருக்கும் வரை அவள் செலவு என் பொறுப்பு' என்று ஒரு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங். அதைச் சொல்லிப் பழகுவதற்குள் விசாவே வந்துவிடும். கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டுகள், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். அதன் அசல் இங்கே உங்கள் கைக்கு வர வேண்டும், கூரியருக்கும் நாள் ஒதுக்குங்கள். அந்த அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆகும்.

உங்கள் பக்கத்திலிருந்து முக்கியமானது பள்ளியின் கடிதம். விடுமுறை எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புவீர்கள் என்று தெளிவாக இருக்க வேண்டும். திரும்பி வர உங்களுக்குக் காரணம் இருக்கிறது என்பதற்கு மூன்று லட்சத்தைவிட அந்தக் கடிதம் நல்ல சாட்சி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லாவற்றிலும் செல்லுபடியாக வேண்டும். டிக்கெட்டுக்கு இப்போது ரிசர்வேஷன் மட்டும் போதும். விசா கைக்கு வருவதற்கு முன் பணம் கட்டாதீர்கள். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஏப்ரல் கடைசியில் கிளம்ப வேண்டும் என்றால் மார்ச் முதல் வாரத்தைத் தாண்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 45 நாள் என்று நீங்களே உங்களைச் சுருக்கிக்கொண்டதுபோல் தெரிகிறது. 88,000-ஐ 45-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,955 ரூபாய். சம்பளமில்லா விடுப்பில் இன்னொரு மாதம் சேர்த்து 75 நாள் இருந்தால், போகும் சம்பளம் 28,000-ஐயும் கூட்டினால்கூட நாளுக்கு 1,547 தான். பணக் கணக்குப்படி நீண்ட தங்கல்தான் மலிவு. சட்டப்படியும் 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். (இப்போது அதைக் கணினியே எண்ணுகிறது, ஒரு நாள் கூடினாலும் பதிவாகிவிடும்.) ஆனால் தனியார் பள்ளியில் ஜூன் மாதம் டீச்சர் இல்லையென்றால் உங்கள் வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். அதனால் இந்த வருடம் 45 நாள் சரி. தலைமை ஆசிரியரிடம் பத்து நாள் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் குறைந்துபோக மாட்டீர்கள்.

அந்த ஏடிஎம் கார்டு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போனவர் இங்குள்ள சேமிப்புக் கணக்கைப் பழையபடியே வைத்திருக்கக் கூடாது. ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். 14 மாதம் ஆகிவிட்டது, இனியும் இழுக்க வேண்டாம். அவர் கார்டை நீங்கள் பின் நம்பர் போட்டு எடுப்பதும் வங்கி விதிக்கு மாறானது. ஏதாவது திருட்டு நடந்தால் வங்கி கையை விரித்துவிடும். வீட்டுச் செலவுப் பணத்தை நேராக உங்கள் கணக்குக்கே அனுப்பட்டும். கணவர் மனைவிக்குத் தருவதற்கு வரி கிடையாது. ஆனால் அந்தப் பணத்தை முதலீடு செய்தால் வருமானம் அவர் கணக்கில்தான் சேரும். உங்கள் பெயரில் இருக்கும் எஃப்டியின் வருட வட்டி 21,000-ம் அப்படித்தான். அக்டோபரில் இது முடிந்ததும், அடுத்து போடும் சேமிப்பை அவர் அங்கிருந்து என்ஆர்இ கணக்குக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) அனுப்பி, அவர் பெயரிலேயே என்ஆர்இ எஃப்டியாகப் போட்டால் இங்கே வட்டிக்கு வரியே இல்லை.

நீங்கள் இல்லாத 45 நாளும் வீடு ஓட வேண்டுமே. வாடகைக்கும் சீட்டுக்கும் தேதி போட்டு வங்கியில் உத்தரவு கொடுத்துவிடுங்கள். மின் கட்டணம் எந்த வாரம் வரும் என்று பார்த்து, முடிந்தால் முன்பணமாகக் கட்டிவிடுங்கள். அத்தையிடம் 10,000 ரூபாயை நூறும் இருநூறுமாக மாற்றிக் கொடுங்கள். சிலிண்டர்காரரிடமும் மருந்துக் கடையிலும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறைக்கு நிற்கிற வேலை அவருக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் உடனே எடுக்க, அண்ணன் கணக்கில் 50,000 போட்டுவையுங்கள். அவர் உதவ நினைத்ததற்கு இதுதான் நல்ல வழி. ஓவர்டிராஃப்ட் வசதியை இப்போதே திறந்து வைத்தால் இந்த 50,000 அதிலிருந்து வரலாம். அப்புறம், உங்கள் சிம்மில் ரோமிங்கைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓடிபி வராவிட்டால் ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு ரூபாய் அனுப்ப முடியாது. அங்கே கடையில் உங்கள் இந்திய கார்டைத் தேய்க்க நேர்ந்து, மெஷின் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் சொல்வதுதான் ரேட்.

நகை 22 சவரனும் லாக்கருக்குப் போகட்டும். தாலிச் சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும் போதும். அங்கே ஏதாவது விசேஷம் என்று கூடுதலாக எடுத்துப் போவதாக இருந்தால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது 'இது எங்கே வாங்கியது' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

பெட்டி பற்றி ஒரு வார்த்தை, இதிலும் பணம் இருக்கிறது. என் தங்கை மகன் அங்கேதான் இருக்கிறான். முதல்முறை போனபோது தங்கை 23 கிலோவையும் சாப்பாட்டுச் சாமானாலேயே நிரப்பினாள். இறங்கிய இடத்தில் நெய்யும் பால்கோவாவும் வெளியே வந்தன, பின்னாலேயே மாங்காயும் கறிவேப்பிலையும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுபோக முடியாது. பச்சைக் காய், பழம், இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம் போல ஒருசிலவற்றுக்குத்தான் விலக்கு. அதனால் கறிவேப்பிலையைப் பொடியாக எடுத்துப் போங்கள். சாம்பார் பொடி, புளி, வடகம் தாராளமாகப் போகட்டும். இட்லி அரிசியைச் சுமக்காதீர்கள். இலங்கைத் தமிழர் கடைகள் அங்கே நிறைய உண்டு. மே மாதத்துக்கு ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும், தி. நகரில் பனிக்கால ஜாக்கெட்டுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுக்காதீர்கள். குளிர்ந்தால் அவருடையதைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். நம் ராத்திரி ஒன்பதரை அங்கே மாலை ஐந்து. வேலை முடிந்து அவர் ரயிலில் இருப்பார். சாப்பிட்டாயா என்று அவர் கேட்பதற்கு முன்னால், உறுதிப் பத்திரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.