ரேங்க் பார்த்துச் சேர்க்கலாமா? கல்லூரித் தேர்வு பற்றிக் கேள்வி பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து மதுரையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே பேச்சுதான். உதவிபெறும் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்தி, பிளேஸ்மென்ட் பொறுப்பையும் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

சார், ஒரு இன்ஜினியரிங் கல்லூரி என்.ஐ.ஆர்.எஃப்.பில் 80-ஆவது இடம், இன்னொன்று 95. இந்தப் பதினைந்து இடத்துக்கு என்ன மதிப்பு? (திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை)

பெரிதாக ஒன்றும் இல்லை. பட்டியலில் ரேங்க்குக்குப் பக்கத்திலேயே மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். நடுப்பகுதியில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்குள் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

என்.ஐ.ஆர்.எஃப். என்பது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தரவரிசைப் பட்டியல், 2016-லிருந்து வருகிறது. பொறியியலுக்கு மதிப்பெண் பிரியும் விதம்: கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி வேலை மேற்படிப்புக்கு 20, பெண்கள் பின்தங்கியோர் வெளிமாநிலத்தார் என எல்லோருக்கும் இடம் இருக்கிறதா என்பதற்கு 10, வெளியே இருக்கும் நல்ல பெயருக்கு 10. உங்கள் பையன் படிக்கப்போவது பி.இ. அவனுக்கு முதல் வருஷம் கணக்கு எடுக்கப்போகிறவர் எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார் என்பதால் அவனுக்கு நேரடி லாபம் குறைவுதான். ஆனால் ரேங்க்கில் அதன் பங்கு பெரியது.

தரவுகளைக் கல்லூரிகளே அனுப்புகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். அந்தத் தரவுகளின் நம்பகத்தன்மை பற்றி நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளையிலேயே 2025-ல் வழக்கு வந்து, பட்டியலை வெளியிட இடைக்காலத் தடையும் விழுந்தது. பிறகு செப்டம்பரில்தான் வெளியானது. நம் ஊர்ச் சங்கதி மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் அங்குள்ள ஒரு தரவரிசைப் பட்டியலுக்குக் கொடுத்த புள்ளிவிவரங்களை அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022-ல் கேள்வி கேட்டார். 2-ஆம் இடத்தில் இருந்த பல்கலைக்கழகம் அந்த ஆண்டே 18-க்கு இறங்கியது.

அதற்காகப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. என்.ஐ.ஆர்.எஃப். தளத்தில் ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த விவரம் பி.டி.எஃப்.பாகக் கிடக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுமதிப்புச் சம்பளம் (சம்பள வரிசையில் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது) எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் எல்லாம் அதில் இருக்கும். ரேங்க்கைப் பார்ப்பதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

ஐயா, என் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. மதுரையின் பெரிய எய்டெட் இன்ஜினியரிங் கல்லூரியில் சிவில் கிடைக்கலாம். பக்கத்துத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். எல்லோரும் கம்ப்யூட்டர்தான் என்கிறார்கள். (மேலூரிலிருந்து ஒரு தாய்)

அம்மா, வந்த கேள்விகளிலேயே கனமானது உங்களுடையதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் அதை விட்டுச் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள் பிற்காலத்தில் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பெரிய கல்லூரியில் படித்தவர்களுக்கும் இவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை எங்கே படித்தாலும் தேறிவிடுகிறது. ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி நிஜமாகவே பலன் கொடுத்திருந்தது. அதே இருவர் பின்னாளில் செய்த ஆய்வில், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அப்படியே இருந்தது.

இது அமெரிக்கக் கணக்கு என்றாலும், நான் இங்கே பிளேஸ்மென்ட் அறையில் உட்கார்ந்து பார்த்ததும் அதுதான். டாக்டர் வீட்டுப் பையனுக்கு மாமாவும் சித்தப்பாவும் வழிகாட்டிவிடுவார்கள். உங்கள் மகளுக்கு அந்த மாமா இல்லை. எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, இன்டர்ன்ஷிப் யாரிடம் கேட்பது என்பதை எல்லாம் சீனியர்களும் பழைய மாணவர்களும்தான் சொல்ல வேண்டும். கல்லூரியின் பெயருக்கு உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. அது தேவைப்படாத வீட்டார்தான் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்கிறார்கள், அது வேறு விஷயம்.

அதனால் என் ஓட்டு பெரிய கல்லூரிக்கு. ஐ.டி. நிறுவனங்கள் பலவும் கேம்பஸுக்கு வரும்போது எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை: சிவில் என்றாலே அவளுக்குக் கசக்கும் என்றால் வேண்டாம். பிடிக்காத பாடத்தில் அரியர் விழுந்தால் எந்தப் பெயரும் காப்பாற்றாது.

கவுன்சலிங்கில் இரண்டையும் போடலாம். அதிகம் விரும்புவதை மேலே போடுங்கள். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலே உள்ளது இல்லையென்றால் அடுத்ததைத்தான் பார்ப்பார்கள். அப்புறம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

நான் குரூப் 2-க்குத் தயாராகப் போகிறேன் சார். எந்தக் கல்லூரி நல்லது? (உசிலம்பட்டியிலிருந்து ஒரு மாணவர்)

தம்பி, டி.என்.பி.எஸ்.சி. கேட்பது அங்கீகரிக்கப்பட்ட பட்டம். எந்தக் கல்லூரி என்பதற்கு அதில் மதிப்பெண் கிடையாது, யு.பி.எஸ்.சி.யிலும் அப்படித்தான். ஃபீஸ் குறைவாக, நூலகம் நன்றாக, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில் சேருங்கள். தினமும் பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் படிப்பது எப்போது?

வாசலில் "நாக் ஏ பிளஸ் பிளஸ்" என்று பெரிய பேனர். நம்பலாமா? (அலங்காநல்லூர்)

நம்பலாம், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு. நாக் தருவது முழுக் கல்லூரிக்கான தரம். உங்கள் பிள்ளை சேரும் டிபார்ட்மென்ட் பற்றித் தனியாக அது எதுவும் சொல்லாது. இன்ஜினியரிங்கில் பாடப்பிரிவு வாரியாக அங்கீகாரம் தருவது என்.பி.ஏ. "கல்லூரிக்கு என்.பி.ஏ. இருக்கிறது" என்றால் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரைக்கும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் மெதுவாக வரும்.

சென்னை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, நல்ல ரேங்க். மொத்தம் 15 லட்சம் கடன் வாங்க வேண்டும். சேர்க்கலாமா? (செல்லூர்)

15 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 19,800 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி சேர்த்தால் இன்னும் ஏறும். முதல் பதிலில் சொன்ன என்.ஐ.ஆர்.எஃப். பி.டி.எஃப்.பில் உள்ள நடுமதிப்புச் சம்பளத்தை எடுத்து இதோடு வைத்துப் பாருங்கள். பேனரில் இருக்கும் அதிகபட்சப் பேக்கேஜை எடுக்காதீர்கள், அது ஒருவருக்குக் கிடைத்தது.

ரேங்க் நேரடியாகப் பணமாகும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன் உண்டு. ஆனால் என்.ஐ.ஆர்.எஃப். அடிப்படையில் தேர்ந்த நிறுவனங்களுக்கு மட்டும்தான், தொடக்கத்தில் 860. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் கிடைக்கலாம். ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான் அது. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வங்கிக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். இருந்தாலும் கடன் கடன்தான். மதுரையிலேயே கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைக்குமென்றால் நான் 15 லட்சம் பக்கம் போக மாட்டேன்.

ஒரே கல்லூரியில் எய்டெட், செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இரண்டு இருக்கிறதே? (அண்ணா நகர்)

பட்டம் ஒன்றுதான், ஃபீஸ்தான் பல மடங்கு வித்தியாசம். முதலில் எய்டெட்டுக்குப் போடுங்கள்.

"100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்பது உண்மையா சார்? (வாடிப்பட்டி)

பல சமயம் எழுத்தளவில் உண்மை. அரியர் இருப்பவர், 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர், பதிவு செய்யாதவர் எல்லோரையும் கழித்துவிட்டு மிச்சத்தில் கணக்குப் போடுவார்கள். ஒருவருக்கே மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணுவதும் உண்டு. "கடைசி ஆண்டில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் வேலைக்குச் சேர்ந்தவர் எத்தனை பேர்?" என்று மட்டும் கேளுங்கள்.

அமெரிக்கன் கல்லூரிக்கு முயன்றேன், கிடைக்கவில்லை. வேறு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் கல்லூரிப் பெயரைக் கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (திருப்பரங்குன்றம்)

1881-ல் தொடங்கிய கல்லூரி, ஊரில் அதற்கென்று ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யும். கிடைக்கவில்லை என்றால் வருத்தமும் நியாயம்தான். ஆனால் கணிதம் எடுத்தவருக்கு மூன்று வருஷம் கழித்து இன்னொரு வாசல் இருக்கிறது. ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம், க்யூட் பி.ஜி. எழுதி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். வினாத்தாளுக்கு நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று தெரியாது. முதல் செமஸ்டரிலேயே பழைய ஜாம் வினாத்தாளை எடுத்துப் புரட்டுங்கள். கல்யாண வீட்டில் கேட்பவர்கள் சாப்பாடு முடிவதற்குள் மறந்துவிடுவார்கள்.

நேரில் போய்ப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்? (பலர்)

வேலை நாளில், காலை பதினொரு மணிக்குப் போங்கள். வரவேற்பு அறையில் உட்கார வைத்து வீடியோ காட்டினால் பார்த்துவிட்டு, பிள்ளை சேரப்போகும் டிபார்ட்மென்ட்டுக்கு நடந்து போங்கள். வகுப்பு நடக்கிறதா, லேப் பூட்டிக் கிடக்கிறதா என்பது வாசலிலிருந்தே தெரியும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை கேன்டீன் பக்கம் பிடித்து, போன வருஷம் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்று கேளுங்கள். பாதி செமஸ்டரில் ஆள் மாறும் டிபார்ட்மென்ட்டை எந்த ரேங்க்கும் காட்டிக்கொடுக்காது. முக்கியமாக, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெற்றோரும் பெரியப்பாவும் மட்டும் வந்து சீட்டை முடிவு செய்துவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.