மேசைக்கு வந்த தொப்பி

அன்புள்ள ஐயா,

ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் 2001-ல் படிக்க பாஸ்டன் வந்தவர். மூன்று வருஷம்தான் அங்கே இருந்தார், ஆனால் அன்றிலிருந்து அந்த ஊர் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் தீவிர ரசிகர். மகனுக்கு 14 வயது. அவனுக்கு ஏழு வயது ஆகும்வரை ஸ்டாம்ஃபோர்டில் இருந்தோம். அங்கே அவன் நண்பர்கள் எல்லாரும் நியூயார்க் அணியான யாங்கீஸ் பக்கம், அவனும் அப்படியே ஆகிவிட்டான். 2025 அக்டோபர் 2 அன்று பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில், யாங்கீஸ் 4-0 என்று ரெட் சாக்ஸை வெளியேற்றியது. பந்து வீசிய பையன் பாஸ்டன் பக்கத்து ஊர்க்காரனாம். “சொந்த ஊருக்குத் துரோகம் பண்றான்” என்றார் இவர். மகன் சிரித்துவிட்டான். “எங்க ஆளுங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமாடா? பக்னர் ஒருத்தன் காலிடுக்கில் பந்தை விட்டதால் 86-ல் கோப்பையே போச்சு. அந்த யாங்கீஸ் தொப்பியோட சாப்பாட்டு மேசையில் உட்காராதே” என்று கத்தினார். பையன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. நான் யார் பக்கம் நிற்பது? வெறும் விளையாட்டுக்கு, அதுவும் வேறு நாட்டிலிருந்து வந்த நமக்கு, இதெல்லாம் தேவையா?

ஒரு வாசகி, கனெக்டிகட்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பில் பக்னரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் பிறந்தால் எனக்கு அந்த மனிதர் ஞாபகம் வந்துவிடும். அதனால்தான் வந்த கடிதங்களில் உங்களுடையதை முதலில் எடுத்தேன்.

உங்கள் கடைசிக் கேள்வியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். வந்த நாட்டில் ஒரு அணியின் மேல் ஆசை வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வெறும் விளையாட்டு என்றும் சொல்லாதீர்கள். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை 162 ஆட்டம், அதற்கு மேல் அக்டோபர் என்று பார்க்கிற ஒருவருக்கு அது வருஷத்தில் பாதி. வீட்டில் ஒருவர் பாதி வருஷம் மனசை வைத்திருக்கும் ஒன்றை ‘வெறும்’ என்றால் அவருக்கு வலிக்கும். உங்கள் கணவருக்கும் வலிக்கும், பையனுக்கும் வலிக்கும்.

அடுத்து உங்கள் கணவர். அவர்மேல் எனக்குக் கோபம்தான். மூன்று வருஷம் பாஸ்டனில் இருந்ததால் வந்த பாசம் அசல் என்றால், ஏழு வருஷம் ஸ்டாம்ஃபோர்டில் வளர்ந்த பையனின் பாசம் மட்டும் எப்படிப் போலியாகும்? கனெக்டிகட்டே அப்படிப்பட்ட மாநிலம். நியூயார்க்கை ஒட்டிய மேற்கு ஓரம் யாங்கீஸ், கிழக்கே போகப்போக ரெட் சாக்ஸ், நடுவில் ஒரே தெருவில் இரண்டு கொடியும் தொங்கும். நீங்கள் அந்த நடுவில் குடியிருக்கிறீர்கள். யாரும் உட்கார்ந்து யோசித்து அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை. சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து யார் பார்த்தார்களோ அவர்களுடைய அணி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஏழு வருஷத்தில் உங்கள் கணவர் எத்தனை ஆட்டத்துக்குப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் துரோகி என்று சொன்ன பையன் கேம் ஷ்லிட்லர். வால்போலில் வளர்ந்தவர். ரெட் சாக்ஸின் ஃபென்வே மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் எல்லாரும் ரெட் சாக்ஸ். 2022 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைபோட்டுப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வில், ஏழாவது சுற்றில் யாங்கீஸ் அவரை எடுத்தது. டிராஃப்டில் அணிதான் ஆளை எடுக்கும், ஆளுக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அவர் என்ன செய்திருக்க வேண்டும்? முதல் வருஷத்திலேயே, தான் பார்த்து வளர்ந்த அணிக்கு எதிராக, தோற்றால் வெளியே என்கிற ஆட்டத்தில் 8 இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 12 பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருக்கிறார், அதாவது மூன்று ஸ்டிரைக்கில் வெளியே அனுப்பியிருக்கிறார். பாஸ்டன் ரசிகராக இருந்தாலும் அன்று எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும். உங்கள் பையன் சிரித்ததில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

துரோகி என்ற சொல் ஃபென்வேக்குப் புதிதில்லை. 2004-ல் கோப்பை வாங்கித் தந்தவர்களில் ஒருவர் ஜானி டேமன். நீளமுடியும் தாடியுமாக ஊர் செல்லப்பிள்ளை. அடுத்த ஆண்டு டிசம்பரில் யாங்கீஸுக்குப் போனார். 2006 மே மாதம் முடிவெட்டி, சவரம் செய்து, யாங்கீஸ் உடையில் ஃபென்வேக்கு வந்தபோது அதே கூட்டம் ஊளையிட்டது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

சரி, பக்னருக்கு வருகிறேன். இந்தப் பகுதியை உங்கள் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

1986 அக்டோபர் 25, நியூயார்க் ஷே மைதானம், கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் ஆறாவது ஆட்டம். எதிரணி நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸ். ஏழில் நாலு ஜெயித்தால் கோப்பை, ரெட் சாக்ஸ் 3-2 என்று தொடரில் முன்னே இருக்கிறது. ஒன்பது இன்னிங்ஸில் 3-3. பத்தாவதில் பாஸ்டன் இரண்டு ரன் எடுத்து 5-3. மெட்ஸ் ஆடவந்து முதல் இரண்டு பேரும் அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட், 68 வருஷத்துக்குப் பிறகு கோப்பை. அப்போது கார்ட்டர் ஒரு ஹிட், மிட்செல் ஒரு ஹிட். ரே நைட்டுக்கு இரண்டு ஸ்டிரைக் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு ஸ்டிரைக் போதும். அவரும் ஹிட் அடித்தார், 5-4. பந்து வீசுகிற பிட்சரை மாற்றினார்கள். புதிதாக வந்த பாப் ஸ்டான்லி வீசிய ஒரு பந்து கேட்சர் கைக்கு அகப்படாமல் பின்னால் ஓடியது. மூன்றாம் பேஸிலிருந்து மிட்செல் ஓடிவந்துவிட்டார். 5-5.

இங்கே நிறுத்துங்கள். ஸ்கோர் சமம். பாஸ்டனின் முன்னிலை போய்விட்டது. பக்னர் இன்னும் பந்தைத் தொடவே இல்லை. இதற்குப் பிறகுதான் மூக்கி வில்சன் தட்டிய பந்து முதல் பேஸ் பக்கம் மெல்ல உருண்டு வந்து பக்னரின் கால்களுக்கு நடுவில் போனது. நைட் ஓடிவந்து 6-5. பக்னர் அதைப் பிடித்திருந்தாலும் ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். யார் ஜெயித்திருப்பார்கள் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

இன்னும் கேளுங்கள். அது கடைசி ஆட்டமே இல்லை. ஒரு நாள் மழையில் போய், அக்டோபர் 27 அன்று ஏழாவது ஆட்டம் நடந்தது. அதில் பாஸ்டன் 3-0 என்று முன்னிலை எடுத்து 8-5 என்று தோற்றது. கோப்பை போனது அன்றைக்குத்தான். அந்த ஆட்டத்தின் பிட்சர்கள் பெயர் இன்று எத்தனை ரசிகர்களுக்கு ஞாபகம் இருக்கிறது?

பக்னர் யார்? 22 சீசன் ஆடியவர். 2,715 ஹிட். 1980-ல் நேஷனல் லீகிலேயே பேட்டிங் சராசரியில் முதலிடம். 1986-ல் இரண்டு கணுக்காலும் கெட்டு, கட்டுப்போட்டு, உயர்ந்த ஷூ மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஆடினார். அந்தக் காலோடுதான் அந்த சீசனில் அணிக்கு 102 ரன் வரவைத்தார். முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸில் அவரை உட்காரவைத்து டேவ் ஸ்டேபிள்டனை இறக்குவது மானேஜர் மெக்நமாராவின் வழக்கம். அன்று இறக்கவில்லை. அது பக்னர் எடுத்த முடிவா?

தோற்ற கூட்டத்துக்கு ஒரு ஆள் வேண்டும். பந்து கால் நடுவில் போகிற காட்சி டிவியில் திரும்பத் திரும்பப் போட வசதியாக இருந்தது. அவருக்கு மிரட்டல் வந்தது. குடும்பத்தோடு ஐடஹோவுக்குப் போய்விட்டார். 2008 ஏப்ரல் 8 அன்று ஃபென்வேயில் ஆட்டம் தொடங்கும் முன் மரியாதைக்காக முதல் பந்து வீச அழைத்தார்கள். அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 22 வருஷம் கழித்து! 2019-ல் இறந்துபோனார். பாஸ்டன் ஊரே அந்த மனிதரிடம் செய்ததற்கு எழுந்து நின்று பதில் சொல்லிவிட்ட பிறகு, 2025-ல் ஹார்ட்ஃபோர்டில் ஒரு சாப்பாட்டு மேசையில் அவரை மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார் உங்கள் கணவர். பெற்ற பிள்ளைக்கு இதையா சொல்லிக்கொடுப்பது?

நான் 2002-லிருந்து மூன்று வருஷம் பாஸ்டனை ஒட்டிய சாமர்வில்லில் இருந்தேன். உங்கள் கணவர் அங்கே இருந்த காலம்தான். மூன்று அடுக்கு மரவீடு, நான் நடுத்தளம். கீழே வீட்டுக்காரர்கள், எழுபதைத் தாண்டிய தம்பதி. அவர் தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், அந்தத் தெருவிலேயே பிறந்தவர், ரெட் சாக்ஸ். அந்த அம்மாள் நியூயார்க்கில் பிராங்ஸில் பிறந்தவர், சின்ன வயதில் அப்பா கைபிடித்து யாங்கீ மைதானத்துக்குப் போனவர். நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம். அவர் அடுப்படியில் ரேடியோ கேட்பார், அந்த அம்மாள் முன்னறையில் டிவி பார்ப்பார். இரண்டு அணியும் மோதும் நாட்களில் நடுவில் இருக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

2003-ல் வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய தொடரில் இரண்டு அணியும் மோதின. ஏழாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ். பாஸ்டனின் வேக்ஃபீல்ட் வீசிய முதல் பந்தையே யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம்ரன் அடித்தார். யாங்கீஸ் வேர்ல்ட் சீரிஸ் போய்விட்டது. கீழே ரேடியோ நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நடுக்கதவு திறந்தது, கெட்டில் கூவியது. மறுநாள் அவரே சொன்னார்: “வந்தாள், டீ போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.” அந்த வாரம் முழுக்க அந்த அம்மாள் ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜெயித்தது அவருடைய அணி.

அடுத்த வருஷம் நடந்தது உங்கள் கணவருக்குத் தெரியும். அதே தொடரில் மறுபடியும் அதே இரண்டு அணி. முதல் மூன்று ஆட்டமும் யாங்கீஸ், மூன்றாவதில் 19-8. பேஸ்பாலில் அதுவரை யாரும் 0-3 என்ற நிலையிலிருந்து தொடரை வென்றதில்லை. நாலாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டன் ஒரு ரன் பின்னால், வீசுவது யாங்கீஸின் ரிவேரா. முதல் பேஸில் மாற்றாளாக நின்ற டேவ் ராபர்ட்ஸ் பந்து வீசும் நேரத்தில் ஓடி இரண்டாம் பேஸைத் திருடப்போகிறார் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் திருடினார். அடுத்த ஹிட்டில் ஸ்கோர் சமம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில், இரவு ஒரு மணி தாண்டி, பாஸ்டனின் ஓர்ட்டிஸ் ஹோம்ரன். கீழே கால் தாளம் தட்டுகிற சத்தம், சட்டென்று நின்றுவிட்டது. ஐந்தாவது ஆட்டம் பதினான்கு இன்னிங்ஸ். ஆறாவதும் பாஸ்டன்.

ஏழாவது ஆட்டம் நியூயார்க்கில். 10-3. முடிந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. தெருவெல்லாம் ஹாரன், பாத்திரம் தட்டுகிற சத்தம். பின்பக்கக் கதவு திறந்த மாதிரி இருந்தது. சன்னலில் எட்டிப் பார்த்தேன். கிழவர் வீட்டுச் செருப்போடு, ஸ்வெட்டர் பொத்தான்கூடப் போடாமல், கொல்லையில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு உள்ளங்கையும் ஒன்றோடொன்று படாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. ஊரே கத்திக்கொண்டிருந்தது. தன் வீட்டிலிருந்து மட்டும் அந்தச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது என்று நினைத்திருக்கிறார். முன்னறையில் விளக்கு அணைந்திருந்தது.

மறுநாள் காலை தபால் எடுக்கக் கீழே இறங்கினேன், காபி குடிக்கக் கூப்பிட்டார். பேப்பரில் விளையாட்டுப் பக்கங்களை உருவி எடுத்து நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். “கொடு.” கொடுத்தார். முதல் பத்தியிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார், நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். மடித்து வைத்துவிட்டு, “ஓர்ட்டிஸ் நல்லா ஆடினான்” என்றார். கிழவர் எழுந்து அடுப்புப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

நீங்கள் யார் பக்கம் என்று கேட்டீர்கள். அதற்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வாரம் ஒரு பதினான்கு வயதுப் பையன் தனியாகச் சாப்பிட்டிருக்கிறான். இன்று ராத்திரி உங்கள் கணவரை அவன் அறைக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். ஷ்லிட்லர் அந்தப் பந்துகளை எப்படி வீசினார் என்று அவனிடம் கேட்கட்டும், அவனுக்கு ஒவ்வொன்றும் மனப்பாடமாக இருக்கும். அப்புறம் சாப்பிடக் கூப்பிடட்டும். தொப்பியோடே வரட்டும்.

அன்புடன்.