மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்யும்போது பேரிடர் மட்டும் ஏன் சிலருக்கு நேர்கிறது?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. 'இயற்கைப் பேரிடர்' என்று சொல்வதே தவறு என்கிறார்களே, 2023 மிக்ஜாம் புயலின் மழை தென்சென்னையின் வேளச்சேரியிலும் பெய்தது, வடசென்னையின் வியாசர்பாடியிலும் பெய்தது, இதில் சமூக ஏற்றத்தாழ்வுக்கு என்ன வேலை என்பது முதலாவது. அப்படியே இருந்தாலும் ஒழுங்கான வடிகால் கட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்பது இரண்டாவது. தண்டையார்பேட்டையில் பிறந்து, இன்றும் அங்கேயே குடியிருந்து, வடசென்னைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றுபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்கிறேன்.

மழையும் புயலும் நிலநடுக்கமும் இயற்கையானவை. ஆனால் அவற்றில் யார் சாகிறார்கள், யார் வீடிழக்கிறார்கள், யார் ஒரு மாதத்தில் எழுந்து நடக்கிறார்கள், யார் பல ஆண்டுக் கடனில் விழுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஊரின் சமூக ஒழுங்கு. இது நேற்று வந்த கருத்தன்று. ஃபில் ஓ'கீஃப், கென் வெஸ்ட்கேட், பென் விஸ்னர் ஆகிய மூவரும் 1976ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலேயே, பேரிடர்கள் பெருகுவதற்கு இயற்கையின் சீற்றம் கூடியதைவிட, மக்கள் எளிதில் பாதிக்கப்படும் நிலைக்குத் தள்ளப்படுவதே காரணம் என்று வாதிட்டார்கள். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹெய்ட்டியை 7.0 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே சிலி நாட்டில் 8.8 அளவில், அதாவது ஏறத்தாழ 500 மடங்கு ஆற்றலோடு, நிலம் நடுங்கியது. இறந்தவர்கள் சுமார் 525 பேர். ஹெய்ட்டியில் நிலநடுக்கத்தின் மையம் தலைநகரத்துக்கு மிக அருகில் இருந்தது, சிலியில் அது கடலுக்கு அடியில் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் எஞ்சும் வேறுபாட்டைக் கட்டட விதிகளும், அவற்றை நடைமுறைப்படுத்தும் வலுவுள்ள அரசும் இல்லாமல் விளக்க முடியாது.

பாடநூல்கள் இதை ஒரு சூத்திரமாக்கித் தருகின்றன: இடர் ஒருபுறம், பாதிக்கப்படும் நிலை மறுபுறம், இரண்டும் சந்தித்தால் பேரிடர். இந்தச் சூத்திரத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. இடர் எங்கிருந்தோ வானத்திலிருந்து வருகிறது, மக்கள் ஏற்கெனவே ஏழைகளாக அங்கே இருக்கிறார்கள் என்பது போல அது இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. வடசென்னையில் அவை தனித்தனியானவை அல்ல. இங்குள்ளவர்களின் குரல் எடுபடாது என்பதாலேயே நகரம் தனக்கு வேண்டாதவற்றையும் ஆபத்தானவற்றையும் இங்கே கொண்டுவந்து வைத்தது. பிறகு மழையோ கடலோ அவற்றைத் தூக்கி அதே மக்களின் வீட்டுக்குள் போட்டது. சமூகத்தில் தாழ்ந்த நிலை இங்கே அடியை வலிமையாக்குவதோடு நிற்பதில்லை, அடிக்கும் கையையே உருவாக்குகிறது.

கடலிலிருந்தே தொடங்கலாம். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுப்பப்பட்டபோது அந்த நகர்வு தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரை, வரவேண்டிய மணல் வராமல் கரை அரிக்கப்பட்டது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போன கதையை எங்கள் பகுதி மீனவக் குடும்பங்கள் எல்லாம் சொல்லும். இப்போது பல இடங்களில் மணலே இல்லை. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தாம் இருக்கின்றன. படகை இழுத்துப் போடவும் வலையை விரிக்கவும் மீனைக் காயவைக்கவும் இடம் கிடையாது. ஒரே புயலின் அலை தெற்கே அகன்ற மணற்பரப்பில் விழுந்து ஓய்கிறது, வடக்கே கல்லைத் தாண்டி வீட்டு வாசலில் விழுகிறது. அலை இயற்கைதான். மணல் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதை மட்டும் மனிதர்கள்தாம் முடிவு செய்தார்கள், அறியாமலே செய்திருந்தாலும். துறைமுகத்தால் கிடைத்த வருமானம் நாட்டுக்கு, அரிப்பு குப்பத்துக்கு என்ற பங்கீடு அப்போதிலிருந்து மாறவில்லை.

ஆற்றின் கதை இன்னும் கடுமையானது. கொசஸ்தலையாறு பூண்டி ஏரியின் உபரி நீரைச் சுமந்து வருகிறது. புழல் ஏரியின் உபரி நீரும் வடபெரும்பாக்கம், சடையங்குப்பம் வழியாக வந்து அதோடு சேர்கிறது. எல்லாம் சேர்ந்து கடலை அடைய வேண்டிய வாய் எண்ணூர் முகத்துவாரம். இவ்வளவு நீரைக் கடலுக்குள் தள்ள வேண்டிய இடத்தில்தான் அனல்மின் நிலையங்களும், அவற்றின் சாம்பல் குளங்களும், நிலக்கரிக் கிடங்குகளும், துறைமுகமும் அமைந்தன. சாம்பலைக் கரைத்து அனுப்பும் குழாய்கள் கசிந்து கழிமுகத்தில் படிந்ததால், முன்பு ஆழமாக இருந்த இடங்களில் இப்போது முழங்காலளவுதான் தண்ணீர் என்று காட்டுக்குப்பத்து மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். செப்பாக்கம் என்ற சிற்றூர் சாம்பல் குளத்தை ஒட்டியே கிடக்கிறது. அலையாத்திச் செடிகளும் உப்பளங்களும் இருந்த, நீர் பரவி நின்று வடியக்கூடிய பரப்பு மேடாக்கப்பட்டுவிட்டது. ஆகவே பூண்டியில் மதகு திறந்தால் மணலி புதுநகரும் இடையஞ்சாவடியும் சடையங்குப்பமும் மூழ்குகின்றன. 2015இல் நடந்தது, 2021 நவம்பரில் நடந்தது, 2023 டிசம்பரிலும் நடந்தது. 'ஆக்கிரமித்துக் குடியேறியவர்கள் அனுபவிக்கிறார்கள்' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். மணலி புதுநகர் அரசே திட்டமிட்டு மனை பிரித்துக் கொடுத்த குடியிருப்பு என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பரில் நடந்ததை உங்கள் கேள்விக்கான நேரடி விடையாகவே எடுத்துக்கொள்ளலாம். மிக்ஜாம் புயலின்போது நகரின் பல இடங்களில் இரண்டு நாட்களில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. தென்சென்னையில் வீடுகளுக்குள் வந்தது மழைநீரும் கழிவுநீரும். எண்ணூர்ப் பக்கம் வந்ததில் எண்ணெயும் இருந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் பரவி, சுவரிலும் படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் கருநிறத்தில் ஒட்டிக்கொண்டது. தொடக்க நாட்களில் அதை வாளியாலும் குவளையாலும் அள்ளியவர்கள் மீனவர்களே. உரிய கையுறை இல்லாமல் அள்ளியவர்களும் உண்டு. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறிச் சாலைக்கு ஓடினார்கள். வெள்ளம் வடிந்த சுவடு மறையாத ஊரில் இது நேர்ந்தது. இவற்றில் எந்தப் பகுதியை இயற்கை என்பது? மழையை மட்டும்தான். எண்ணெய், சாம்பல், அம்மோனியா, 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேடு ஆகியவை ஏன் வசதியானவர்கள் வாழும் போட் கிளப் பகுதியில் இல்லை என்ற கேள்விக்கு நில அமைப்பில் விடை தேடிப் பயனில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். புளியந்தோப்பு, பட்டாளம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி ஆகிய பகுதிகளில் தரைத்தளத்து வீட்டுக்குத்தான் வாடகை குறைவு. ஆகவே வருமானம் குறைந்தவர் தரைத்தளத்தில் இருப்பார். தண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும். மாதச் சம்பளக்காரருக்கு நான்கு நாள் வெள்ளம் என்பது நான்கு நாள் விடுப்பு. மூட்டை தூக்குபவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும், காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்கும் அம்மாவுக்கும் அது நான்கு நாள் பட்டினி. ஐந்தாம் நாள் தண்டல்காரர் வந்து நிற்பார். தண்டல் என்பது தினந்தோறும் வசூலிக்கப்படும் கடன். மழைக்காக அது நிற்பதில்லை. நனைந்து கெட்ட குளிர்சாதனப் பெட்டிக்கும் தவணை நிற்காது. புதுப் பாய், புதுப் பாத்திரம், பிள்ளைகளின் சீருடை என்று செலவு வரும்போது கம்மல் அடகுக்கடைக்குப் போகும். அடுத்த மழை வரும்போது அந்தக் குடும்பத்தின் கையில் கம்மலும் இருக்காது. பொருளாதாரக் கணக்கில் சிறியதாகத் தெரியும் இந்தச் சரிவைத்தான் நான் பேரிடர் என்று கருதுகிறேன்.

பெண்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. கழிப்பறை மூழ்கிய தெருக்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு இருட்டும் வரை காத்திருப்பதைப் பற்றி எந்தச் சேத அறிக்கையும் பேசுவதில்லை. 2004 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தின் பல குப்பங்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள். மீனுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் கரையில் இருந்தவர்கள் பெண்கள்.

நிவாரணம் கூட ஏற்றத்தாழ்வின் வழியாகவே வந்து சேர்கிறது. 2023இல் அரசு அறிவித்த 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் மூலம் வழங்கப்பட்டது. அது பலருக்கு உண்மையாகவே கைகொடுத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்கொரு வீடு மாறும் வாடகைக் குடும்பத்தின் அட்டை பழைய முகவரியிலோ சொந்த ஊரிலோ இருக்கும். அவர்கள் விண்ணப்பம் எழுதிக்கொண்டு தனியாக அலைய வேண்டும். படகுக்கும் வலைக்கும் இவ்வளவு என்று இழப்பீட்டைக் கணக்கிட்டால், இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடிக் குடும்பங்களுக்கு எதைக் காட்டி வாங்குவது? வகுப்பறையில் எனக்குத் தெரிவது இன்னொரு பக்கம். அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள், நனைந்த சான்றிதழ்களுக்கு மாற்று வழங்கச் சிறப்பு முகாம்கள் நடத்தினார்கள். எல்லாம் நல்ல ஏற்பாடுகள். அதன் பிறகும் பள்ளிக்கு வராத பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டைக் கழுவிக்கொண்டோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டோ, கூலிக்குப் போய்க்கொண்டோ இருந்தார்கள்.

அப்படியானால் ஏன் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வேலை இங்கே இருந்ததால் வந்தார்கள். துறைமுகமும், பெரம்பூர் ரயில்வே பணிமனையும், பின்னி ஆலைகளும் தொழிலாளிகளை அழைத்தன; குடியிருக்க இடம் மட்டும் யாரும் தரவில்லை. கால்வாய்க் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றை கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடிக்கு அனுப்பினார்கள். அவை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். செம்மஞ்சேரியில் மழை நீர் தேங்காத ஆண்டு அரிது. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி இன்னொரு வெள்ளத்தில் வைத்ததோடு, வேலைக்குப் போக நாளெல்லாம் பேருந்தில் கழிக்கவும் வைத்தார்கள்.

வேளச்சேரியும்தானே மூழ்கியது என்று கேட்கலாம், உண்மை. 2015இல் அடையாற்றங்கரையில் இருந்த வசதியானவர்களின் வீடுகளுக்குள்ளும் ஆறு புகுந்தது. அந்தத் துயரை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் போய்த் தங்க உறவினர் வீடும், மாடியும், காருக்குக் காப்பீடும், வங்கியில் சிறிது சேமிப்பும், பேசினால் கேட்கும் அதிகாரியும் இருந்தார்கள். அப்போது படகைக் கொண்டுவந்து மக்களை மீட்டவர்கள் மீனவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எளிதில் பாதிக்கப்படுபவர் என்றால் கையாலாகாதவர் என்று பொருள் கொள்ளக் கூடாது.

இந்த நிலை மாற்றக்கூடியது என்பதற்குச் சான்றும் உண்டு. 1970 போலாப் புயலில் இன்றைய வங்கதேசத்தில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 2007 சிதர் புயலில் ஏறத்தாழ 3,400 பேர். ஒடிசாவில் 1999 புயலில் சுமார் 10,000 பேர். 2013 பைலின் புயலில் 50க்கும் குறைவு. புயல்கள் சாந்தமாகிவிடவில்லை, முன்னறிவிப்பும் புயல் காப்பகங்களும் ஊர்த் தொண்டர்களும் வந்தார்கள். உயிரிழப்பைக் குறைக்க நாம் கற்றுக்கொண்டோம். பிழைப்பு போவதைத் தடுக்க இன்னும் கற்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியான வடிகாலுக்கு வருகிறேன். கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டு வருகின்றன. அவை தேவையானவை, வேண்டாம் என்று எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வடிகால் நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் கடைசியில் அதே கழிமுகம்தான். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து, முகத்துவாரமும் சாம்பலாலும் மண்ணாலும் தூர்ந்திருந்தால், எவ்வளவு அகலமான வடிகாலிலும் நீர் எதிர்த்து நிற்கும். ஆகவே கழிமுகத்துச் சாம்பலை அகற்றுவதும், எஞ்சியிருக்கும் சதுப்புப் பரப்பில் இனிக் கட்டடம் எழுப்பாமல் விடுவதும், எண்ணெய்க் கிடங்குகளின் மழைநீர் வெளியேறும் வழிகளைப் பருவமழைக்கு முன் சுயேச்சையான குழு சோதிப்பதும் வடிகாலோடு சேர்ந்து நடக்க வேண்டியவை. வாடகைக் குடும்பங்களை அவர்கள் இப்போது இருக்கும் முகவரியிலேயே வார்டு வாரியாக முன்கூட்டிப் பதிவு செய்துவைப்பது இவற்றைவிட மலிவானது. வரும் அக்டோபருக்குள்ளேயே செய்துவிடலாம்.