ஊழியம் செய்கிறேன், ஆனால் உள்ளே வறண்டுபோய்விட்டது

சகோதரி, ஞாயிறு வகுப்பு, பாடகர் குழு, வாரநடு ஜெபக்கூட்டம் எல்லாவற்றுக்கும் ஓடுகிறீர்கள், ஆனால் தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை, 'விசுவாசம் போய்விட்டதோ' என்று பயமாக இருக்கிறது என எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. களைத்துப்போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய வெற்றி கண்ட பிறகுதான் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து 'போதும்' என்கிறார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். இரண்டாம் முறையும் உணவுதான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்று தேவன் கேட்கிற கேள்வி அதற்கெல்லாம் பிறகே வருகிறது. நாமோ (சபைகளும் சேர்த்துத்தான்) கேள்வியில் ஆரம்பிக்கிறோம்!

அதனால் முதலில் தூக்கம். அப்புறம், பொறுப்புகளில் ஒன்றையாவது கொஞ்ச காலத்துக்கு வேறொருவரிடம் கொடுங்கள். போதகரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜெபத்துக்குச் சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 42-ஐ மெதுவாக, வாய்விட்டு வாசித்தாலே போதும். அதுவும் பொருந்தாத நாளில் 88 இருக்கிறது. இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. பாடம் தயாரிப்பதற்காக வாசிப்பதை இதோடு சேர்க்காதீர்கள்.

தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.