தறிச் சத்தத்துக்கு நடுவே வீடியோ இன்டர்வியூ: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொண்டலாம்பட்டியில் வீடு. பக்கத்து வீட்டில் நாள் முழுக்க விசைத்தறி ஓடுகிறது. அடுத்த வாரம் ஜூமில் இன்டர்வியூ. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். படம் கொஞ்சம் மங்கினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் சலித்துப்போவார்கள். அதனால் முதல் செலவு மைக்குக்குத்தான்.

லேப்டாப் மைக் உங்கள் வாயிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. தறிச் சத்தத்தையும் சேர்த்தே அள்ளும். சாதாரண ஒயர் ஹெட்செட் போதும். ஹெட்செட் செருக ஒரே ஓட்டை உள்ள லேப்டாப் என்றால் 3.5 எம்எம் பின்னைப் பாருங்கள்: மூன்று வளையக் கோடு இருந்தால் மைக் வேலை செய்யும்; இரண்டே இருந்தால் அது பாட்டுக் கேட்க மட்டும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் நாலு விரல் ஓரமாக வையுங்கள், மூச்சுக் காற்று இரையாது. ப்ளூடூத் வேண்டாம். மைக் இயங்கியதும் பல இயர்பட்ஸில் ஒலித் தரம் இறங்கிவிடும்.

ஜூமின் ஆடியோ செட்டிங்கில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு. தறி மாதிரித் தொடர்ந்து வரும் சத்தத்தை அது நன்றாகவே அமுக்கும். ‘ஹை’யில் வைத்தால் சில சமயம் சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்கிவிடும், ‘மீடியம்’ முதலில் பாருங்கள். நண்பரோடு ஒரு கால் போட்டு, அவரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தறி ஓடும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும். நின்றிருக்கும்போது சோதித்துப் பயனில்லை.

தறிப் பக்கத்துச் சுவர் இல்லாத அறையாகப் பிடியுங்கள். வெறும் அறை எதிரொலிக்கும். கட்டிலில் மெத்தை, கொடியில் இரண்டு போர்வை இருந்தால் அடங்கும். பக்கத்து வீட்டில் தறியை நிறுத்தச் சொல்வது கடைசி வழி. அது அவர்கள் கூலி.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். மழை என்றால் கரண்டும் போகும், நெட்டும் போகும்.

பதில்: ஜூமில் இருவர் பேச, தெளிவான படத்துக்குப் போக 1.2, வர 1.2 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) நெட் வேகம் போதும். பலர் டவுன்லோடை மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் முகத்தைக் கொண்டுபோவது அப்லோட். ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டோடு (பெரும்பாலும் 12) ஒத்துப்போக வேண்டும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து. மாற்றாக வேறு நிறுவன சிம்மில் போன் நெட். வைஃபையாக இல்லாமல் யுஎஸ்பி ஒயரில் இணையுங்கள். இரட்டை சிம் போனில் மற்ற சிம்முக்கு அழைப்பு வந்தால் நெட் நின்றுபோகலாம், அதை அணைத்து வையுங்கள்.

பராமரிப்பு மின்தடைப் பட்டியலை முதல் நாளே பாருங்கள். சேலத்துக்கு இறங்குவதானால் முந்தைய மாலையே இறங்குங்கள்; 20 கொண்டை ஊசி வளைவும் மூடுபனியும் உங்கள் நேரத்துக்குக் கட்டுப்படாது. பேச்சு திணறினால் முதலில் கேமராவை அணையுங்கள். எச்ஆர் நம்பரைத் தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: முகம் கறுத்துத் தெரிகிறது, படத்தில் கோடு கோடாக ஓடுகிறது.

பதில்: ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பி உட்காருங்கள். கோடு ட்யூப்லைட்டால்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமரா 60இல் இருக்கும். கேமரா செட்டிங்கில் 50 ஆக்குங்கள். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் ஏற்றிக் கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திரையில் கேட்பவர் முகம் தெரியும் ஜூம் கட்டத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்தினால் பார்வை தானாக நேர்ப்படும்.

கேள்வி: ‘காலை 11 ஈஎஸ்டி’ என்று மெயில். நமக்கு எப்போது?

பதில்: ஈஎஸ்டி என்றால் நியூயார்க் இருக்கும் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம். நமக்கு இரவு 9.30. ஆனால் மார்ச் முதல் நவம்பர் வரை நியூயார்க் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும், அப்போது 8.30. கோடையிலும் பழக்கத்தில் ஈஎஸ்டி என்றே எழுதுவார்கள். இந்திய நேரத்தைக் குறிப்பிட்டுப் பதில் மெயில் போட்டு உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஜூம் அக்கவுண்டில் இன்டர்வியூவுக்குச் சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் திரையில் அவர் பெயர்தான் விழும். நுழையும் முன் ரெஸ்யூமில் உள்ளபடி உங்கள் பெயரை மாற்றி, படத்தையும் எடுத்துவிடுங்கள்.