கண் அழுத்தம் இறங்கவில்லை, பார்வை 6/6. ஆபரேஷன் தேவையா?

கேள்வி: தம்பிக்கு 24 வயது. ஐந்து மாதமாக வலது கண்ணில் அழுத்தம் ஒருநாள் 18, அடுத்த வாரம் 42 என்று ஏறி இறங்குகிறது. யுவியைடிஸ் (கண்ணுக்குள் அழற்சி) என்று ஸ்டீராய்டு சொட்டு விட்டும் பலனில்லை. இப்போது வேறொரு டாக்டர், விழித்திரை ஓரத்தில் கிழிந்து விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். பார்வை 6/6 இருக்கிறது. சிறுவயதில் அந்தக் கண்ணில் பந்து பட்டதுண்டு. விழித்திரை விலகினால் அழுத்தம் குறையும் என்றுதானே சொல்கிறார்கள்? யாரை நம்புவது?

பதில்: இரண்டாவது டாக்டர் சொல்வதுதான் நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. இதற்கு ஷ்வார்ட்ஸ்-மாட்சுவோ சிண்ட்ரோம் என்று பெயர். அபூர்வமானது, அதனாலேயே பல மாதம் யுவியைடிஸ் என்ற பெயரில் ஓடிவிடும்.

வழக்கமான விலகலில் அழுத்தம் சற்றுக் குறையும் என்பது உண்மை. இதில் கிழிசல் இருக்கும் இடம் வேறு. விழித்திரை முடியும் கடைக்கோடியில், ஓரா செரட்டா என்ற விளிம்பில், அல்லது அதற்கும் சற்று முன்னால் இருக்கும். ஒளியை உணரும் செல்களின் நுனித் துணுக்குகள் அந்த வழியாகக் கண்ணின் முன்னறைக்கு வந்து, நீர் வடியும் சல்லடையை அடைத்துக்கொள்கின்றன. விலகலுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1973இல் ஷ்வார்ட்ஸ் எழுதினார். முன்னறை நீரில் மிதப்பவை அந்தத் துணுக்குகளே என்று 1986இல் மாட்சுவோ குழுவினர் காட்டினார்கள். ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் அவை வெள்ளணுக்கள் போலவே தெரியும். அழற்சியே இல்லாதபோது ஸ்டீராய்டு எதைக் குறைக்கும்?

முன்னறையில் அத்தனை துகள் மிதந்தும் கண் சிவக்காமல், கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கார்னியாவின் உட்புறம் படிவு இல்லாமல், கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் லென்ஸோடு ஒட்டாமல் இருந்தால், இது யுவியைடிஸ்தானா என்ற சந்தேகம் வர வேண்டும். 6/6 என்பதை வைத்து ஏமாற வேண்டாம். அது நடுப்பகுதியான மேக்குலா நன்றாக இருப்பதை மட்டுமே சொல்லும். அடிபட்ட கண்களில் கிழிசல் பெரும்பாலும் கீழ்-வெளி ஓரத்திலோ மேல்-மூக்கு ஓரத்திலோ இருக்கும். விழித்திரைக்கு அடியில் நீர் மெல்லிய படலமாக மெதுவாகப் பரவும். எனவே நிழல் தட்டுவதே தாமதமாகத்தான் தெரியும்.

உறுதிப்படுத்த ஒரு பரிசோதனை கட்டாயம். கண்மணியை முழுதாக விரித்து, படுக்க வைத்து, டாக்டர் தலையில் மாட்டிக்கொள்ளும் இன்டைரக்ட் கருவியால் பார்த்தபடி வெள்ளைவிழியை வெளியிலிருந்து சிறு கருவியால் அழுத்தி, விளிம்பைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். அழுத்தாமல் பார்த்தால் அந்த ஓரம் கண்ணுக்குச் சிக்காது. விழித்திரைப் புகைப்படத்திலும் தப்பிவிடலாம். “அழுத்திப் பார்த்தீர்களா, கிழிசல் எந்த இடத்தில் இருக்கிறது?” என்று தயங்காமல் கேளுங்கள். நீர் வடியும் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோபியும் வேண்டும், பந்து பட்டதில் அந்தக் கோணமும் சேதப்பட்டிருக்கலாம். அடுத்த கண்ணையும் விட்டுவிடக் கூடாது.

சிகிச்சை, கிழிசலைக் கிரையோவால் உறையவைத்து ஒட்டி, வெள்ளைவிழியின் வெளிப்புறத்தில் பக்கிள் எனும் சிலிக்கோன் பட்டையைத் தைப்பது. இந்த வயதில் கண்ணுக்குள் உள்ள ஜெல் கெட்டியாக ஒட்டியிருக்கும், லென்ஸும் தெளிவாக இருக்கும். அதனால் ஜெல்லை அகற்றும் விட்ரெக்டமியைவிடப் பக்கிளே பெரும்பாலும் முதல் தேர்வு. விழித்திரை ஒட்டியதும் சில நாட்களில் அழுத்தம் இறங்கும், துகள்களும் மறையும். இறங்காவிட்டால் மூன்றைச் சந்தேகிக்க வேண்டும்: தப்பிப்போன இன்னொரு கிழிசல், கோணச் சேதம், ஸ்டீராய்டே ஏற்றிய அழுத்தம். ஏற்கெனவே பழுதான பார்வை நரம்பு மீளாது. ஆகவே நரம்பு ஓசிடியும் (நரம்பிழைத் தடிமனைக் காட்டும் ஸ்கேன்) ஃபீல்டு டெஸ்ட்டும் (பார்வைப் பரப்பைச் சோதிப்பது) முன்கூட்டியே எடுத்துவையுங்கள். பக்கிளால் கிட்டப்பார்வை கூடும், புதுக் கண்ணாடிக்கு இரண்டு மாதம் போல ஆகும்.

அதுவரை அழுத்தம் குறைக்கும் மருந்து தொடரட்டும். ஆஸ்துமா இருந்தால் டைமோலால் சொட்டு ஆகாது. சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கல்லோ இருந்தால் அசெட்டசோலமைடு மாத்திரைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பைலோகார்பின் சொட்டு வேண்டாம், அது விழித்திரையின் ஓரத்தை இழுக்கும். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், எப்படிக் குறைப்பது என்று எழுதி வாங்குங்கள். திரை விழுந்தது போல மறைத்தாலோ நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ ஆபரேஷன் தேதிக்காகக் காத்திராமல் அன்றைக்கே கிளம்புங்கள். போகும்போது ஐந்து மாத அழுத்த அளவுகளையும், அந்தந்த நாளில் விட்ட சொட்டின் பெயரையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.